கனமான வாசனையை முதலில் ஏற்றுங்கள்

குளிர்காலத்தில் என் அறையில் இரண்டு வாசனை மெழுகுவர்த்திகள் எரியும். ஒன்று மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். மூன்று என்றால் எது என்ன வாசனை என்றே பிடிபடாது. எந்த வாசனையோடு எது சேரும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டில் எதை முதலில் ஏற்றுவது, எவ்வளவு நேரம் கழித்து அடுத்ததை ஏற்றுவது, அறையில் எதை எங்கே வைப்பது என்று யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாதிக் காரியம் அதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். அதனால் இந்தக் குளிருக்கு நான் எப்படிச் சேர்க்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில், ஏன் குளிர்காலம்? வெயில் காலத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றலாம், தப்பில்லை. ஆனால் அப்போது ஜன்னல் திறந்திருக்கும், மின்விசிறி ஓடும், வாசனை நிற்காது. குளிர் வந்ததும் எல்லாம் சாத்தப்படுகிறது. காற்று அசையாமல் நிற்கிறது. இன்னொன்று, குளிர்ந்த காற்றில் வாசனை மூலக்கூறுகள் பொருள்களை விட்டு எழும்புவது குறைவு. வெளியே போனால் மண், இலை, சாலை எதிலிருந்தும் பெரிதாக எதுவும் மூக்குக்கு வராது. அப்படி ஒன்றுமில்லாத வெளியிலிருந்து கதவைத் திறந்து உள்ளே வரும்போது, அறையில் இருக்கும் மெல்லிய வாசனைகூடப் பளிச்சென்று தெரிகிறது. மற்ற மாதங்களில் மூக்கு இவ்வளவு காலியாக இருப்பதில்லை.

வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சேர்க்கும் விதம் பிடிபட்டது. சுடரிலிருந்து வாசனை வருவதில்லை. சுடர் தன்னிடம் வரும் மெழுகு ஆவியையும் அதிலுள்ள வாசனையையும் சேர்த்தே எரித்துவிடுகிறது. அறைக்குக் கிடைக்கும் மணம், திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்தின் மேற்பரப்பிலிருந்து எழும்புவது. அந்தக் குளத்தின் பெரும்பகுதி கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு குறைவானதுதான். குளம் அகலமாக இருந்தால் வாசனை அதிகம். சின்னதாக நடுவில் மட்டும் இருந்தால் எவ்வளவு உயர்ந்த மெழுகுவர்த்தியானாலும் வாசனை வராது.

மெழுகுவர்த்தியின் இந்த இயல்பை மக்களுக்கு விளக்கியதும் ஒரு குளிர்காலத்தில்தான். மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளம் வயதினருக்காக நடந்த உரைகளில் ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார், 1848இல் ஒரு முறை, 1860இல் மறுபடியும். அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையில் நெருப்பைக் காட்டினால், சுடர் அந்தப் புகை வழியாகத் தாவித் திரிக்குப் போய்ச் சேரும் என்று அவர் செய்து காட்டினார். அந்தப் புகை, எரியாமல் தப்பிய மெழுகு ஆவிதான். வாசனைப் பிரியர்களுக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது: வாயால் ஊதி அணைக்கும்போது அந்தக் கருகல் ஆவி முழுவதும் அறைக்குள் போய், இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வைத்த வாசனையை ஒரு நொடியில் கெடுத்துவிடும். நான் ஒரு வளைந்த கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் அமுக்கி அணைத்து, உடனே நிமிர்த்தி விடுகிறேன். புகையே வராது. அடுத்த முறை பற்றவைக்கத் திரியும் மெழுகில் நனைந்து தயாராக இருக்கும். மரத்திரிக்கு இது சரிப்படாது, அதற்கு மூடி போட்டுவிடலாம்.

சரி, வாசனைகளுக்கு வருகிறேன்.

வாசனைத் திரவியக்காரர்கள் மேல் வாசனை, நடு வாசனை, அடி வாசனை என்று பிரிப்பார்கள். சீக்கிரம் ஆவியாகிறவை மேலே, மெதுவாக ஆவியாகிறவை அடியில். ஆரஞ்சுத் தோலின் மணத்துக்குக் காரணமான லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பைன் மரத்தின் பைனீன் 156 டிகிரியில். கிராம்பின் யூஜெனால் 254 டிகிரியில். வெனிலாவின் வெனிலின் 285 டிகிரிக்குப் பக்கத்தில். குளத்தில் இவை எதுவும் கொதிப்பதில்லை. ஈரத்துணி உலர்வதுபோல மெல்ல மெல்லத்தான் கிளம்புகின்றன. ஆனாலும் யார் முந்துவார்கள், யார் பிந்துவார்கள் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. ஆரஞ்சும் பைனும் ஓடி வந்து ஓடிப் போகிறவை. வெனிலா, சந்தனம், சாம்பிராணி எல்லாம் தாமதமாக வந்து, வந்த பிறகு கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறவை.

ஆரஞ்சையும் வெனிலாவையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? முதல் அரை மணி நேரம் ஆரஞ்சு மட்டும் இருக்கும். நமக்கு அது பழகிப்போகும். மூக்கு எந்த வாசனையையும் சில நிமிடங்களிலேயே குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும். அப்புறம் வெனிலா மேலே வரும்போது ஆரஞ்சு நம் மூக்கிலிருந்து மறைந்திருக்கும். இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தும் ஒன்றோடொன்று சந்திக்கவே இல்லை.

அதனால் கனமானதை முதலில் ஏற்றுகிறேன். குளம் ஜாடியின் விளிம்பு வரை போகிறவரை தனியாக எரியவிடுகிறேன். ஜாடியின் அகலத்தைப் பொறுத்து இரண்டு மணி நேரம், சிலதற்கு மூன்று. விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் என்பது மெழுகுவர்த்தி செய்கிறவர்களின் பொதுக் கணக்கு. அதன் பிறகுதான் லேசான வாசனையை அறையின் எதிர்ப்பக்கத்தில் ஏற்றுகிறேன். அது பிடித்துக்கொண்டதும் முதலாவதை அணைத்துவிடுகிறேன். இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. ஆனால் கனமான வாசனை அதற்குள் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, கம்பளி எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மேலும் எரித்தால் திகட்டும். அணைத்த குளம் ஆறி இறுகுவதற்குள்ளும் கொஞ்சம் வாசனையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் புதிதாக வரும் ஆரஞ்சு, ஏற்கெனவே இருக்கும் வெனிலாவின் மேல் வந்து விழுகிறது. கலவை என்று நான் சொல்வது அந்த நேரத்தைத்தான்.

இடமும் முக்கியம். இரண்டு ஜாடிகளையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நெருங்கி இருக்கும் சுடர்கள் ஒன்றின் சூட்டில் மற்றதை அளவுக்கு மேல் உருக்கும், காற்றை இழுத்துச் சுடரை ஆட்டிவிடும், கரி படியும். குறைந்தது 8 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். நான் அதற்கும் மேலே போய் அறையின் இரு முனைகளில் வைக்கிறேன். என் அறை நீளமானது. ஒரு முனையில் மேசை, மறு முனையில் புத்தக அலமாரி, நடுவில் சாய்வு நாற்காலி. அலமாரிக்குப் பக்கத்திலுள்ள தாழ்ந்த முக்காலியில் கனமான வாசனை. மேசையில் லேசானது. அலமாரியின் தட்டுக்குள்ளே எப்போதும் வைப்பதில்லை, மேல் தட்டு சூடேறும். நான் உட்காருவது நடுவில். மேசைப் பக்கம் எழுந்து போனால் பைன் கூடுதல், அலமாரிப் பக்கம் புத்தகம் எடுக்கப் போனால் புகை கூடுதல். நடுவில் வந்து உட்கார்ந்தால் இரண்டும் சமம். ஒரே அறையில் நாலு எட்டு நடந்தால் வாசனை மாறுகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இது கிடைக்காது.

இனி என் ஜோடிகள். இந்தக் குளிரில் அதிகம் ஏற்றுவது புகை மரமும் வெனிலாவும். எரியும் விறகின் வாசனை கொண்ட மெழுகுவர்த்திகளைத் தனியாக ஏற்றினால் பலருக்குப் பிடிப்பதில்லை. கருகல் மாதிரி இருக்கிறது என்பார்கள். வெனிலாவைத் தனியாக ஏற்றினால் எனக்குப் பிடிப்பதில்லை, இனிப்பு மட்டும்தான் இருக்கும். இரண்டும் சேரும்போது இரண்டிலும் உள்ள குறை போய்விடுகிறது. இது தற்செயல் இல்லை. மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் எரியும்போது, புகை வாசனைக்குக் காரணமான குவாயகோல் வருகிறது; கூடவே கொஞ்சம் வெனிலினும் வருகிறது. அதாவது உண்மையான விறகுப் புகையிலேயே வெனிலா ஒளிந்திருக்கிறது. வெனிலினைச் செயற்கையாக முதலில் தயாரித்ததும் மரத்திலிருந்துதான். 1858இல் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெனிலாக் காயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1874இல் ஜெர்மனியின் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரங்களின் சாற்றில் கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து அதை உருவாக்கினார்கள். இதைப் படித்த பிறகு, வெனிலாவோடு பைனையும் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரத்த உறவு இருக்கிறது என்று தெரிந்து முகரும்போது வாசனையே இன்னும் கொஞ்சம் ஆழமாகிறது.

இந்த ஜோடியில் எது முதலில் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டுமே கனமானவை. அதனால் புகையை முதலில் ஏற்றிச் சீக்கிரமே, குளம் பாதி அகலம் வந்ததுமே அணைத்துவிடுகிறேன். பிறகு வெனிலா. புகை அளவுக்கு மிஞ்சினால் மறுநாள் காலை வரை போகாது. முன்பு அணைத்த ஜாடியை அடுத்த முறை முழுக் குளம் வரும்வரை எரியவிட்டுச் சரிசெய்துகொள்கிறேன். இல்லாவிட்டால் மெழுகு நடுவில் மட்டும் குழி விழுந்து, ஓரத்தில் சுவர் போல நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் ஜாடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, நடுவில் மட்டும் ஓட்டை விட்டு எரியவிட்டால் ஓரம் உருகிச் சமமாகும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஃபிர் என்ற ஊசியிலை மரமும் ஆரஞ்சும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். ஃபிர் ஊசியிலைகளிலும் லிமோனீன் கொஞ்சம் உண்டு, அதோடு பைனீனும் போர்னைல் அசிடேட் என்ற மணப்பொருளும். அந்தப் பொதுவான துளி ஒரு பாலம் மாதிரி வேலை செய்கிறது. இரண்டும் லேசானவை என்பதால் இதை மாலையில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஏற்றுகிறேன். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஏற்றினால் உள்ளே வந்ததும் முகம் மலர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இது நிற்பதில்லை. நிற்க வேண்டும் என்றால் முன்கூட்டியே சிடார் ஏற்றி வைத்துவிட வேண்டும். அம்மா அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். “என்னடி, புது மரப்பீரோவைத் திறந்த மாதிரி வாசனை வருது? நல்லா இருக்கு, இதையே வை” என்றார். அது சிடார் மட்டும் எரிந்துகொண்டிருந்த நேரம். ஆரஞ்சு வந்ததும், “இப்போ யாரோ தோல் உரிச்சாங்களா?” என்றார். அவருடைய மூக்குதான் என் அளவுகோல். அவர் இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடிந்தால் கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே மொத்தமாக “என்னவோ வாசனை” என்று சொன்னால் ஏதோ ஒன்று அதிகம்.

அவருக்காகவே நான் விலக்கிய வகை ஒன்று உண்டு. நிலசம்பங்கி, மனோரஞ்சிதம் போன்ற கனத்த பூ வாசனைகள் மூடிய அறையில் அவருக்குத் தலைவலி தரும். எனக்கும் குளிர்காலத்தில் பூ வாசனையில் பெரிய ஆசை இல்லை. விதிவிலக்கு கிராம்போடு ரோஜா. கிராம்பின் காரம் ரோஜாவின் இனிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதில் கிராம்பு அடி, ரோஜா மேல்.

லவங்கப்பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்கால மெழுகுவர்த்தி என்றாலே எல்லோரும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பாரிஸில் 1961இல் தொடங்கிய டிப்டிக் என்ற கடை 1963இல் வெளியிட்ட முதல் மூன்று மெழுகுவர்த்திகளிலேயே பட்டையும் ஒன்று. மற்ற இரண்டு தேயிலையும் ஹாதார்ன் பூவும். அவ்வளவு பழைய வழக்கம். பட்டை நல்ல வாசனைதான், ஆனால் அது கூட்டத்தில் குரலை உயர்த்துகிற வாசனை. எதோடு சேர்த்தாலும் அதுதான் முன்னால் நிற்கும். பட்டையும் வெனிலாவும் ஆப்பிளும் ஒரே ஜாடியில் கலந்து வருகிற மெழுகுவர்த்திகளை நான் சேர்ப்பதற்கு எடுப்பதே இல்லை. அவை ஏற்கெனவே முடிந்துபோன கலவைகள், இன்னொன்றுக்கு இடம் விடாதவை. தனிப் பட்டை மெழுகுவர்த்தி கிடைத்தால் அதைச் சந்தனத்தோடு வைக்கிறேன். சந்தனம் பாலைப் போல மென்மையானது. பட்டையின் கூர்மையை அது எதிர்ப்பதில்லை, உள்வாங்கிக்கொள்கிறது. பட்டையைப் பத்து நிமிடம் எரித்தாலே போதும்.

புதினா வேறு உலகம். அதிலுள்ள மெந்தால் மூக்கில் வாசனையாக மட்டும் வேலை செய்வதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற உணர்வேற்பிப் புரதம் இருக்கிறது. உண்மையான குளிருக்கும் மெந்தாலுக்கும் அது ஒரே மாதிரி பதில் சொல்கிறது. 2002இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். சூடு, குளிர், தொடுகை ஆகியவற்றை உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் அவர்கள் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஏற்கெனவே குளிரும் அறையில் இந்த வாசனை எதற்கு என்று கேட்கலாம். காலையில் நன்றாக இருக்கும். புதினாவோடு பைன் சேர்த்துக் கொஞ்ச நேரம் ஏற்றினால் தூக்கம் கலையும், தலை தெளியும். மாலையில் வேண்டாம். பட்டையோடு வேண்டவே வேண்டாம், பற்பசை வாசனை வரும். யூகலிப்டஸும் லாவெண்டரும் சேர்ந்தால் மருந்து வாசனைதான். லாவெண்டர் தனக்குள்ளேயே கொஞ்சம் கற்பூர நெடி கொண்டது. யூகலிப்டஸ் அதைத் தூண்டிவிடுகிறது. லாவெண்டருக்குச் சரியான துணை சிடார்தான்.

மஸ்க் பற்றி ஒரு விஷயம். கஸ்தூரி வாசனை என்று வருபவை இப்போது பெரும்பாலும் செயற்கை மஸ்க்குகள். அவற்றில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. மற்ற எல்லா வாசனையும் நன்றாகத் தெரியும், குறிப்பிட்ட அந்த மூலக்கூறு மட்டும் தெரியாது. என் தம்பி அப்படித்தான். நான் மிகவும் ரசித்து ஏற்றிய வெள்ளை மஸ்க் மெழுகுவர்த்தியைக் குனிந்து குனிந்து முகர்ந்துவிட்டு, “அக்கா, இது வெறும் மெழுகுதானே?” என்று கேட்டான். அவனுக்கு அது உண்மையிலேயே வெறும் மெழுகுதான். அதனால் அவன் வீட்டில் இருக்கும் நாள்களில் மஸ்க்கை அடி வாசனையாக வைப்பதில்லை. சாம்பிராணி அல்லது ஆம்பர் வைக்கிறேன். ஆம்பர் என்பது ஒரு தனிப் பொருளின் வாசனை அல்ல, லாப்டனம் பிசின், சாம்பிராணி, வெனிலா ஆகியவற்றைக் கூட்டிச் செய்வது. அதனாலேயே கிட்டத்தட்ட எதோடும் ஒத்துப்போகும். சேர்த்துப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது ஆம்பர்தான். நீங்கள் யாருக்காவது பரிசாகக் கொடுப்பதானால், அவர்கள் மூக்கில் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள்.

புது வாசனையைத் தேர்ந்தெடுக்கும்போது மெழுகை நேராக முகர்வதைவிட மூடியின் உட்புறத்தை முகர்வது நல்லது. மூடிக்குள் அடைந்து கிடந்த காற்று, அறையில் எரியும்போது வரும் வாசனைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமானது. ஏற்றாமல் முகரும் வாசனையும் எரியும்போது வருவதும் எப்படியும் ஒன்றாக இருக்காது. மேல் வாசனைகள் மட்டும்தான் குளிர்ந்த மெழுகிலிருந்து நன்றாக எழும்பும். அதனால் குளிரில் முகரும்போது மந்தமாகத் தோன்றும் சந்தனத்தையும் சிடாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். சூடு பட்டால்தான் அவை வாயைத் திறக்கும். நாலைந்து முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும். அப்போது காப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். நான் என் சட்டைக் கையைத்தான் முகர்கிறேன், அல்லது வெளிக்காற்றில் நிற்கிறேன். அதுவே போதுமானது.

இரண்டு வாசனை சேருமா என்று ஏற்றாமலே பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. இரண்டு ஜாடிகளின் மூடியையும் கழற்றி, ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். காலையில் பெட்டியை மெதுவாகத் திறந்து முதல் மூச்சை இழுக்க வேண்டும். முதல் மூச்சுதான் உண்மை சொல்லும், இரண்டாவது மூச்சுக்குள் அறைக் காற்று கலந்துவிடும். பிடித்திருந்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். பிடிக்காததையும் எழுதுகிறேன், ஏன் பிடிக்கவில்லை என்றும்: “இரண்டும் இனிப்பு, சண்டை இல்லை, சுவாரசியமும் இல்லை.” “கிராம்பு மட்டும்தான் தெரிகிறது.” “நன்றாக இருக்கிறது, ஆனால் ஈரத்துணி நினைவு.” இப்படி. நோட்டைப் புரட்டிப் பார்க்கையில் என் ரசனை எனக்கே தெளிவாகிறது. எனக்கு மரம் வேண்டும், பிசின் வேண்டும், பழத்தில் தோல் மட்டும் போதும், கேக் வாசனை வேண்டாம்.

மெழுகின் வகையும் சேர்க்கையை மாற்றுகிறது. பாரஃபின் வாசனையை வேகமாக, தூரமாக வீசும். சோயா மெழுகு குறைந்த சூட்டில் உருகி மெதுவாகக் கொடுக்கும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும்; அதற்குத் தானாகவே தேன் மணம் உண்டு, மெல்லிய வாசனைகளை அது மறைத்துவிடும். அடி வாசனைக்கு நான் சோயாவைத் தேடுகிறேன், புகை போன்ற முரட்டு வாசனை பாரஃபினில் வந்தால் அறையைப் பிடித்துக்கொள்ளும். மேல் வாசனை பாரஃபினிலோ கலப்பு மெழுகிலோ இருந்தால் நல்லது, சீக்கிரம் எழும்பும். வெனிலா மெழுகுவர்த்தி நாளாக நாளாகப் பழுப்பாவதைப் பார்த்துக் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், வெனிலின் மெழுகை அப்படி நிறம் மாற்றும். குளிரில் சோயா மெழுகின் மேல் வெள்ளைப் பூப்போலப் படிவதும், கண்ணாடியை விட்டு மெழுகு அங்கங்கே விலகித் தெரிவதும் அப்படித்தான். எரிவதில் ஒரு குறையும் வராது. ஆனால் கடும் குளிரில் வெளியே கிடந்து வந்த ஜாடியை வந்த கையோடு ஏற்றாதீர்கள். அறையின் சூட்டுக்கு அது பழகட்டும், கண்ணாடி விரிசல் விடாமல் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன்னால் திரியை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரிக்கிறேன். நீளத் திரி கரி கக்கும், நுனியில் காளான் போலக் கொண்டை கட்டும், வாசனை கருகும். மரத்திரி என்றால் இன்னும் குட்டையாக. மரத்திரியின் சடசட சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும், புகை வாசனையோடு அது பொருந்துவது மாதிரி வேறு எதுவும் பொருந்தாது. நாலு மணி நேரத்துக்கு மேல் எதையும் எரியவிடுவதில்லை. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுகிறேன். திரைச்சீலை, காகிதம், போர்வை எதுவும் 30 சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது. அறையை விட்டு வெளியே போனால் அணைத்துவிட்டுத்தான் போகிறேன். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கில் மெழுகுவர்த்தியால் வரும் வீட்டுத் தீ விபத்துகள் அதிகம் நடக்கும் மாதம் டிசம்பர். குளிர் மாதத்தில்தான் நாம் எல்லாரும் ஏற்றுகிறோம், தூங்கியும் விடுகிறோம். அணைத்த பிறகு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பதும் என் பழக்கம். அடைத்த அறையில் எரிந்த காற்றிலேயே தூங்குவது நல்லதல்ல, அதோடு மறுநாள் வாசனைக்கு இடம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், பறவைகள், பூனைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் யோசித்து ஏற்றுங்கள். பூனைகளின் ஈரலால் சில வாசனை எண்ணெய்களைச் சரியாகச் சிதைக்க முடியாது.

தானே ஊற்றிச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் குளிர்காலமே தோது. 1969இல் அமெரிக்காவில் மைக்கேல் கிட்ரெட்ஜ் என்ற பதின்ம வயதுப் பையன், கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் காசில்லாமல், உருக்கிய மெழுகுக் கிரேயான்களால் அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி செய்தான். அதிலிருந்துதான் யாங்கி கேண்டில் நிறுவனம் வளர்ந்தது. நான் இன்னும் ஊற்றத் தொடங்கவில்லை. மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் சேர்ப்பார்கள், சோயா என்றால் ஊற்றிய பிறகு ஓரிரு வாரம் ஆறப்போட வேண்டும் என்பது வரை தெரியும். ஆனால் ஒரே ஜாடியில் இரண்டு வாசனையைக் கலந்து ஊற்றிவிட்டால், முந்தி ஏற்றுவது, பிந்தி ஏற்றுவது, நடுவில் உட்காருவது எல்லாம் போய்விடுமே என்ற தயக்கம்தான் என்னைத் தடுக்கிறது. செய்தால் ஒவ்வொரு ஜாடியிலும் ஒரே ஒரு வாசனை வைத்துத்தான் செய்வேன்.

இப்போது பெட்டிக்குள் இருப்பது குந்திரிக்கமும் கருமிளகும். குந்திரிக்கப் பிசினில் பைனீன் உண்டு, மிளகிலும் உண்டு, அதனால் சேரும் என்று எதிர்பார்க்கிறேன். சேர்ந்தால் குந்திரிக்கம் முக்காலிக்கு, மிளகு மேசைக்கு. மிளகு ரொம்பக் காரமாக இருந்தால் மேசையிலிருந்து கதவோரத்து ஸ்டூலுக்கு நகர்த்திப் பார்ப்பேன்.